காய்ச்சக்காரம்மாவும் கிணத்து சந்து மோட்டார்களும்

ஒரு விடுகதை. குடத்தில் ஏறி வீட்டுக்கு வரும். கதவைத் தட்டாது, பெல் அடிக்காது. வந்து படுத்தால் லேசில் எழுந்து போகாது. அது என்ன?

இதை ஆம்பூரில் கிணத்து சந்துப் பிள்ளைகளிடம் ஒருநாள் கேட்டேன். நான்காம் வகுப்புப் படிக்கும் ரோஷிணி உடனே கையைத் தூக்கினாள். "எங்க மாமா!" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அவரு குடத்துல வர மாட்டாரு, ஷேர் ஆட்டோல வருவாரு" என்று திருத்தியும் கொண்டாள்.

விடை, டைபாய்டு. பெரியவர்களைக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார்கள். சொல்லிவிட்டு, அதே குடத்தில் மொண்டு எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்திருப்பார்கள்.

கதவு தட்டிப் பிழைக்கிற தொழில்களில் நல்ல சேதி எதையும் கொண்டுபோகாத தொழில் என்னுடையது. கேஸ் சிலிண்டர் கொண்டுபோகிறவரைப் பார்த்தால் வீட்டில் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தால், "காய்ச்சக்காரம்மா வந்துட்டாங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொள்வார்கள். ஒரு மருத்துவமனையின் காய்ச்சல் ஆய்வில் எனக்கு வேலை. வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் உண்டா என்று கேட்க வேண்டும். காய்ச்சல் விடாமல் அடித்தால் ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். கேபிள்காரர், தேர்தல் சீட்டு கொடுப்பவர் என்று கதவு தட்டுகிறவர்கள் இதைப் படித்தால், நாய்களைப் பற்றி நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டைபாய்டு வந்து எழுந்தவர்கள் படித்தால், கஞ்சியைப் பற்றியும் விளக்க வேண்டியதில்லை.

கிணத்து சந்தில் கிணறு கிடையாது. அதை மூடி, மேலே மூன்று மாடி எழுப்பியாகிவிட்டது. ஷூ கம்பெனி வேலைக்காக நாட்றம்பள்ளியிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அறைக்கு மேல் அறை ஏறுகிறது. குடிதண்ணீர்க் குழாய் மட்டும், வீடுகள் ஓட்டு வீடுகளாக இருந்த காலத்தில் போட்டது. அது சாக்கடைக் கால்வாயை ஒட்டியே போகும். ஓரிடத்தில் கால்வாய்க்கு உள்ளேயே இறங்கி ஏறும்.

உடம்பு சுடுது, அவ்ளோதான்

"காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டால் இந்தச் சந்தில் யாரும் "இருக்கு" என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் லீவு போட வேண்டும். அம்மாவும் அப்பாவும் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒத்துக்கொண்டால் இருவரில் ஒருவர் பஸ் ஏற முடியாது. அதனால் காய்ச்சலுக்கு வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். வெயில்ல ஆடினான். கண்ணு பட்டுடுச்சு. பல்லு மொளைக்குது. பல் முளைக்கிறது என்று என்னிடம் சொல்லப்பட்ட பையன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான்.

ஒரு வீட்டில் பிள்ளை போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் கை வைத்தேன். தோசைக்கல் போல இருந்தது. "இது காய்ச்சல் இல்லாம வேற இன்னாம்மா?" என்று அதன் அம்மாவைக் கேட்டேன். அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: "காய்ச்சல்லாம் இல்லக்கா. உடம்பு சுடுது, அவ்ளோதான்."

தெர்மாமீட்டரும் தயிரும்

ஆய்வில் சேர்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தெர்மாமீட்டர் கொடுத்திருக்கிறோம். கொடுக்கும்போது கழுவுவது, துடைப்பது, பெட்டியில் வைப்பது எல்லாம் சொல்லிக்கொடுப்போம். அவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு அந்தக் கருவி தன் வாழ்க்கையைத் தானே தொடங்கும். ஒரு பையன் அதைச் சூடான டீயில் முக்கி எடுத்து, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்த்தான். திரையில் வந்த எண்ணைப் பார்த்தால் அவன் உயிரோடு நின்றுகொண்டிருந்ததே அதிசயம்.

சந்தில் பாதி வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர் ஷமீம் ஆபா. ஆபா என்றால் அக்கா. அறுபதைத் தாண்டியவர், குரல் மட்டும் தாண்டவில்லை. அவர் வீட்டுத் தெர்மாமீட்டர் சமையலறையில், பால் பாத்திரத்துக்குள் நின்றுகொண்டிருந்தது. உறை ஊற்றுவதற்குப் பால் பதமாக ஆறிவிட்டதா என்று பார்க்கிறாராம். "ஆபா, இது பேரப்பிள்ளைங்க வாயில வெக்கிறது" என்றேன். ஆபா சற்றும் அசரவில்லை: "உனக்கு வாரத்துக்கு ஒரு தபா காய்ச்சல் வேணும். எனக்கு டெய்லி தயிரு வேணும். யாருக்கு அவசரம் ஜாஸ்தி, நீயே சொல்லு."

முதல் தண்ணி

கிணத்து சந்தில் குழாய்த் தண்ணீர் நாலைந்து நாளைக்கு ஒருமுறை வரும். வருகிற அன்றைக்குச் சந்தே ஒரு பெரிய வண்டு போல ரீங்காரம் போடும். குழாயோடு நேரடியாக மாட்டிய மோட்டார்கள் வீட்டுக்கு வீடு இழுக்கிற சத்தம் அது. பக்கத்து வீட்டுக்காரர் இழுப்பதற்குள் நாம் இழுக்க வேண்டும் என்பதுதான் இங்கே விதி.

முதலில் வருகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கும்; ஒரு வாடையும் அடிக்கும். குழாய் காலியாகக் கிடந்த நாட்களில் உள்ளே கசிந்ததெல்லாம் அதில் வந்து இறங்குகிறது. அதைக் கீழே விடுங்கள் என்று வாராவாரம் சொல்கிறேன். யாரும் விடுவதில்லை. கடைசித் தண்ணீர் வருமா வராதா என்று தெரியாதபோது முதல் தண்ணீரை எப்படி விடுவது? ட்ரம்மில் பிடித்துவிடுவார்கள். தெளிந்த பிறகு வருவதும் அதே ட்ரம்மில்தான் சேரும். இதையெல்லாம் ரோஷிணியின் அம்மா நிர்மலாவிடம் விளக்கமாகச் சொன்னேன். நிர்மலா ஷூ கம்பெனியில், அப்பர் என்கிற மேல்தோலைத் தைக்கிறவர். பேச்சிலும் தையல் போலவே நெருக்கம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரெக்டுதாங்க்கா. நீங்க பக்கத்து வீட்ல மொதல்ல சொல்லிட்டு வாங்க. அவங்க விட்டா நானும் விடுறேன்" என்றார்.

ரோஷிணியின் ரத்தம்

அடுத்த முறை போனபோது, விடுகதைக்குக் கை தூக்கிய பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலை வலி, வயிற்று வலி, இட்லி உள்ளே போகவில்லை. ஏறுகிற காய்ச்சல், ஒவ்வொரு சாயங்காலமும் முந்தைய நாளைவிடக் கொஞ்சம் கூடுதலாக. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரையில் ஒருநாள் இறங்கியிருக்கிறது. நிர்மலாவும் நம்பி பஸ் ஏறியிருக்கிறார். அதற்கு அடுத்த நாள் மறுபடி ஏறிவிட்டது. "ஷிப்மென்ட் போவுதுக்கா, அதான்..." என்று நிர்மலா தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

நான் ஊசியையும் பாட்டிலையும் எடுத்தேன். பாட்டிலில் ரத்தத்தை விட்டு வைத்தால் உள்ளே கிருமி இருந்தால் வளரும். அப்போதுதான் எந்த மருந்துக்கு அது சாகும் என்று தெரியும். இதை ரோஷிணிக்குப் புரியும்படி சொன்னேன். அவள் சுவரிலிருந்து திரும்பினாள். "எவ்ளோ எடுப்பீங்க?" என்றாள். "இந்த பாட்டில் அடியில கொஞ்சம்." "திருப்பித் தருவீங்களா?" "அது முடியாதேம்மா." கையை நீட்டினாள், கண்ணை மூடவில்லை. ஊசி உள்ளே போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அப்ப இது திருட்டுதான்."

சூப்பர்வைசர் போன்

பாட்டிலில் டைபாய்டு வளர்ந்தது. அதற்குள் ரோஷிணி குடித்த தண்ணீரைக்கூட வாந்தியெடுக்கத் தொடங்கியிருந்தாள். வார்டில் சேர்த்தார்கள். சரியான மருந்தை ஊசியில் ஏற்றியும் காய்ச்சல் உடனே இறங்கவில்லை. டைபாய்டு அப்படித்தான், தோற்கப்போகிறது என்று தெரிந்த பிறகும் சில நாள் அடம் பிடிக்கும். டாக்டர் காலையும் மாலையும் வந்து அவள் வயிற்றை அழுத்திப் பார்ப்பார். குடலில் ஓட்டை விழுந்துவிடக் கூடாது என்பது அவர் பயம். அவர் கை வயிற்றில் இருக்கும்வரை நிர்மலா மூச்சு விடமாட்டார்.

ஒருநாள் நான் பார்க்கப் போயிருந்தபோது கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்தார். கெட்டவர் இல்லை, அவர் தலைக்கு மேலும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஸ்பீக்கரில் கேட்டது. "இன்னாம்மா நிர்மலா, லைன்ல ஆள் கம்மி. டைபாய்டு தானே? எல்லாருக்கும் வர்றதுதானே?" நிர்மலா படுக்கையில் இருந்த மகளைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் அதே ஊசியோடு கிடந்த, எங்கள் சந்தின் இன்னொரு பிள்ளையையும் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "எல்லாருக்கும் வருது, சரி சார். எதுக்கு எல்லாருக்கும் வருது? அத மட்டும் சொல்லுங்க, நாளைக்கே வர்றேன்."

ஆம்பூர்காரி

காய்ச்சல் இறங்கி ரோஷிணி வீட்டுக்கு வந்தாள். மெலிந்த முகத்தில் காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ரசம் சோறு, இட்லி, கொதிக்க வைத்த தண்ணீர். ஷமீம் ஆபா பார்க்க வந்தார். கையில் ஒரு சூடான பொட்டலம். அதன் வாசனைக்கு ரோஷிணி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். நான் பொட்டலத்தை வாங்கி நிர்மலாவிடம் கொடுத்து, பிள்ளைக்கு இப்போது பிரியாணி வேண்டாம் என்றேன். ஆபா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கஞ்சி குட்ச்சா காய்ச்சல் போவும், ஒத்துக்குறேன். ஆனா இவ ஆம்பூர்காரின்னு இவளுக்கே மறந்துடும், அதுக்கு இன்னா மருந்து வெச்சிருக்கே?"

இன்ஜினியரின் சவால்

ஆபாவின் பேரனும் அதே காய்ச்சலில் படுத்தபோது கதை மாறியது. மறுநாள் காலை ஆபா முன்னால், நிர்மலா பின்னால், சந்தின் பெண்கள் அதற்கும் பின்னால் தண்ணீர் ஆபீஸுக்கு நடந்தார்கள். ஆய்வு வேலையில் ஊர்வலம் போகச் சொல்லவில்லை. போகக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. நானும் போனேன்.

இன்ஜினியர் சின்ன வயது. மேஜை மேல் இரண்டு போன், இரண்டும் அடித்துக்கொண்டிருந்தன. பெண்கள் சொன்னதைக் கேட்டார். பிறகு அவரும் கோபமாகவே பேசினார். "மோட்டார் மாட்டி இழுக்கிறது யாரு? நீங்க. பைப்ல நூல் அளவு விரிசல் இருந்தாலும், மோட்டார் இழுத்தா பக்கத்துல இருக்குற சாக்கடையும் சேர்ந்துதான் வரும். ஒரே ஒரு நாள், சந்து முழுக்க ஒரு மோட்டார்கூட ஓடாம தண்ணி புடிச்சுக் காட்டுங்க. அப்பவும் நாறுச்சுன்னா நானே வந்து தோண்டுறேன்." அவர் சொன்னது நியாயம்தான். நடக்காது என்ற தைரியத்தில் சொன்னார் என்பதும் எங்களுக்குத் தெரிந்தது. ஆபா புர்காவைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "தம்பி, நாங்க மோட்டாரக் கழட்டுறோம். நீ கடப்பாரைய எடுத்து வெய்."

தெருவில் மோட்டார்கள்

சொல்லிவிட்டு வந்தாயிற்று. சந்துக்குள் வந்ததும் சந்தேகம் ஆரம்பித்தது. சுவிட்சைப் போட மாட்டேன் என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். எல்லாரும் மற்றவர் சத்தியத்தை நம்ப மறுத்தார்கள். மோட்டார் மேல் சாக்கு போட்டுச் சத்தம் வராமல் ஓட்டுகிற வித்தை இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். ஒருவர் ஏமாற்றினால் மற்றவர்கள் வீட்டில் அடுத்த முறை வரை சொட்டுத் தண்ணீர் இருக்காது. கடைசியில் நிர்மலா, "கழட்டி வெளிய வெச்சிடலாம். அவங்கவங்க வாசல்ல. எல்லாரும் எல்லாத்தையும் பாக்கட்டும்" என்றார்.

தண்ணீர் வருகிற நாள். வாசலுக்கு வாசல் மோட்டார்கள் வந்து உட்கார்ந்தன. துருப்பிடித்தது, பெயின்ட் அடித்தது, குங்குமம் வைத்தது. ஒன்றை மட்டும் காணோம். சந்தின் கடைசியில் மேட்டில் இருப்பது தையல்காரர் குமாரின் வீடு. மோட்டார் இல்லாமல் அந்த மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது. மனைவி நிறைமாதம். "உங்களுக்கு இன்னாம்மா, பள்ளத்துல இருக்கீங்க. பேசுவீங்க" என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பெண்கள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசினார்கள். எவ்வளவு குறைவாக வந்தாலும், தெளிந்து வருகிற தண்ணீரில் முதலில் குமார் வீட்டு ட்ரம் நிறையும். ஆளுக்கு ஒரு குடம் சுமந்து மேட்டில் ஏற்றுவோம் என்று முடிவானது. குமார் உள்ளே போனார். ஸ்பேனர் சத்தம் கேட்டது. மோட்டாரைத் தூக்கிவந்து வாசலில் 'டங்'கென்று வைத்தார். "வெச்சுட்டேன். தண்ணி வரலன்னா தினம் ஒருத்தர் வீட்ல வந்து குளிப்பேன், சொல்லிட்டேன்."

நூல் போல

இன்ஜினியர் வந்தார். வால்வு திறக்கிற பெரியவரும் கூடவே வந்தார். சந்துக்குள் நுழைந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். இருபுறமும் மோட்டார்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெண். ரீங்காரம் இல்லாத கிணத்து சந்தை வால்வுக்காரரே கேட்டதில்லையாம்.

குழாய் முதலில் இருமியது. பிறகு காற்று. பிறகு நூல் போலத் தண்ணீர் வந்தது. மஞ்சளாக வந்தது; அதே வாடை. நிர்மலா ஒரு மக்கில் பிடித்து இன்ஜினியர் முகத்துக்கு நேராக நீட்டினார். அவர் குனிந்து முகர்ந்து, சட்டென்று நிமிர்ந்தார். மோட்டார்களை ஒருமுறை பார்த்தார், கால்வாயை ஒருமுறை பார்த்தார். வால்வுக்காரர்தான் மெதுவாகக் கேட்டார்: "சார், இப்ப யார் மேல சொல்றது?"

போட்டோ

அன்று தெளிந்து வந்த தண்ணீரில் பெண்கள் முதலில் குமார் வீட்டு ட்ரம்மை நிறைத்தார்கள்; சொன்ன வார்த்தையை இன்ஜினியரும் காப்பாற்றினார். அவர் காப்பாற்றியதை எழுதாமல் விட்டால் நன்றாக இருக்காது. கால்வாய்க்குள் இறங்கும் இடத்தில் தோண்டினார்கள். பழைய குழாயின் இணைப்பில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தது. யார் கட்டியது, எந்தக் காலத்தில் கட்டியது என்று யாருக்கும் தெரியவில்லை. டியூபே மக்கிப் போயிருந்தது. சந்து முழுக்கப் புதுக் குழாய் போட்டு, கால்வாயைவிட்டுத் தள்ளி, மேலே கொண்டுபோனார்கள். மோட்டார்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் திரும்பிப் போய் மறுபடி குழாயில் ஏறிவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த சந்தில் இன்னும் பழைய குழாய்தான். அங்கே இரண்டு பிள்ளைகளிடம் போன வாரம் ரத்தம் எடுத்தேன். அந்தச் சந்துப் பெண்கள் வந்து, மோட்டாரை எப்படிக் கழற்றுவது என்று ஆபாவிடம் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

புதுக் குழாயைத் திறந்துவைக்க ஒரு பெரிய அதிகாரி வந்தார். குழாய்க்கு மாலை போட்டிருந்தார்கள். இன்ஜினியர், தண்ணீர் சுத்தம் என்றார். வால்வுக்காரரும் சுத்தம் என்றார். நான் தண்ணீரில் சோதனை மருந்தைச் சொட்டு விட்டுப் பார்த்து, கிருமி கொல்லும் குளோரின் இருக்கிறது, இன்றைக்குக் குடிக்கலாம் என்றேன். போட்டோவுக்கு, டைபாய்டிலிருந்து எழுந்த பிள்ளையே முதல் டம்ளரைக் குடிக்கட்டும் என்று யாரோ சொல்ல, பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த ரோஷிணியை, தோளில் தொங்கிய தண்ணீர் பாட்டிலோடு முன்னால் நிறுத்தினார்கள். அதிகாரி டம்ளரை நீட்டினார். "குடி பாப்பா, பயப்படாதே. நாங்க எல்லாம் பாத்துட்டோம்" என்றார்.

குழாய்க்கு அன்று என்னையும் சேர்த்து மூன்று பேர் சாட்சி சொன்னோம்; ரோஷிணி தன் பாட்டிலைத் திறந்து, வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீரைக் குடித்தாள்.